சாலா: தாய்லாந்தின் தோட்ட மண்டபம்

சாலா என்பது தாய்லாந்தின் திறந்த மண்டபம். தூண்கள், அவற்றின் மேல் செங்குத்தாக எழும் கூரை, தரையிலிருந்து சற்றே உயர்த்திய பலகைத் தளம், ஓரங்களில் சாய்மானத்தோடு கூடிய இருக்கைகள் ஆகியவையே அதன் உறுப்புகள். சுவர் கிடையாது. நண்பகலின் வெயிலுக்கும் பருவமழைக்கும் ஒதுங்கவும், உண்ணவும், படிக்கவும், வந்தவரோடு உட்கார்ந்து பேசவும் அது பயன்படுகிறது. காற்றைத் தடுக்காமல் வெயிலையும் மழையையும் மட்டும் தடுப்பது அதன் வேலை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான கட்டடத்தை எண்ணிப் பார்ப்பது கடினம்.

தாய்லாந்தில் சாலா இல்லாத ஊர் இல்லை. ஆற்றுத் துறையில் படகுக்குக் காத்திருப்போருக்கு நிற்பது சாலா தா நாம். வழிப்போக்கர் இளைப்பாறச் சாலையோரத்தில் கட்டுவது சாலா ரிம் தாங். பௌத்த விகார வளாகத்தில் மக்கள் கூடி அறவுரை கேட்கும் பெரிய கூடம் சாலா கான் பரியன். மாகாண அரசு அலுவலகத்துக்கே சாலா கிளாங் என்றுதான் பெயர். வழியோரத்தில் ஒரு சாலா கட்டிக் கொடுப்பது புண்ணியச் செயலாகக் கருதப்படுகிறது. கொடுத்தவர் பெயர் பொறித்த பலகையைப் பல இடங்களில் பார்க்கலாம். வீட்டுத் தோட்டத்துச் சாலா இவற்றுள் அளவில் சிறியது. அமைப்பும் கட்டும் முறையும் ஆற்றுத் துறையிலும் வழியோரத்திலும் நிற்கும் சாலாக்களுக்கு உள்ளவைதாம்.

வெளிநாட்டவர் இதனோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு பொருள் உண்டு. தாய்லாந்து வீடுகளின் முன்னால் ஒற்றைத் தூணின் மேல் கோயில் வடிவில் நிற்கும் சிறு மாடம் சான் பிரா பூம் எனப்படும். அது நிலத்தைக் காக்கும் தெய்வத்தின் இருப்பிடம். பூவும் ஊதுவத்தியும் உணவும் படைத்து நாள்தோறும் வணங்குவார்கள். வீட்டின் நிழல் அதன்மேல் விழக்கூடாது என்பது வழக்கம். சாலா மனிதர் அமர்வதற்கானது. தோட்டத்தில் இரண்டையும் வைப்பவர்கள் மாடத்துக்குரிய மரியாதையான இடத்தை ஒதுக்கிய பிறகே சாலாவின் இடத்தை முடிவு செய்கிறார்கள்.

பழைய தாய்லாந்துக் கட்டடக் கலை மரவீடுகளை இரண்டாகப் பிரிக்கிறது. மூங்கிலையும் கம்புகளையும் பிரம்பால் கட்டி, ஓலையோ புல்லோ வேய்ந்தது க்ருவங் பூக். கட்டிச் செய்தது என்று பொருள். கடின மரத்தை அறுத்து, செதுக்கி, துளையும் கழுந்துமாகப் பொருத்தியது க்ருவங் சப். தோட்டத்துச் சாலா இரண்டு வகையிலும் வருகிறது. மூங்கில் சாலா மலிவானது, சில ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டியது. தேக்கிலோ வேறு வைர மரத்திலோ செய்த இரண்டாம் வகை தலைமுறைகளுக்கு நிற்பது. கட்டுரையின் மீதிப் பகுதி இந்த இரண்டாம் வகையைப் பற்றியது.

க்ருவங் சப் முறையின் சிறப்பு, கட்டடம் முழுவதும் தச்சுக்கூடத்தில் தனித்தனி உறுப்புகளாகத் தயாராவது. நிலத்தில் நடப்பது நிறுத்துவதும் பூட்டுவதும் மட்டுமே. பூட்டியதைக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். பாங்காக்கில் இன்று அருங்காட்சியகமாக உள்ள ஜிம் தாம்சன் இல்லம் இதற்கு நல்ல சான்று. பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அந்த அமெரிக்கர் பழைய தேக்கு வீடுகள் ஆறினை வாங்கி, அயுத்தயாவிலிருந்தும் கால்வாயின் மறுகரையில் இருந்த நெசவாளர் குடியிருப்பிலிருந்தும் கழற்றிக் கொண்டுவந்து, 1959இல் ஒரே இல்லமாக நிறுவினார். அயுத்தயா மாகாணத்திலும் அதற்கு வடக்கே ஆங் தோங் மாகாணத்தின் பா மோக் பகுதியிலும் இவ்வாறு மரபு வீடுகளையும் சாலாக்களையும் உறுப்புகளாகச் செய்து விற்கும் தச்சர்கள் இன்றும் தொழில் செய்கிறார்கள். வீட்டு முற்றத்தில் சாலா நிறுவ விரும்புவோருக்கு இந்த மரபுதான் வழி திறந்து வைத்திருக்கிறது.

உறுப்புகளைக் கீழிருந்து பார்க்கலாம். தூண் அடியில் பருத்து நுனியில் சிறுக்கும். நான்கு தூண்களும் நேர்க்குத்தாக நிற்பதில்லை; உச்சியில் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். கண்ணுக்கு அது நளினமாகப் படுகிறது, ஆனால் காரணம் அழகு மட்டுமன்று. கூரையின் கைமரங்கள் தம் அடிமுனையை எப்போதும் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. உள்ளே சாய்ந்த தூண்கள் அந்தத் தள்ளலை எதிர்த்து நிற்கின்றன. பக்கவாட்டுக் காற்றிலும் கட்டடம் எளிதில் ஆடுவதில்லை. தளத்தைத் தாங்கும் உத்தரம் தூணில் வெட்டிய துளைக்குள் ஊடுருவிச் செல்லும். அதற்கு ரோத் என்று பெயர். அதன் மேல் குறுக்குக் கட்டைகளும் அவற்றின் மேல் தளப் பலகைகளும் அமையும். தூணின் உச்சியில் செதுக்கிய உருண்டைக் கழுந்து ஹுவா தியென். எதிரெதிர்த் தூண்களை இணைக்கும் விட்டத்தின் துளை அதன்மேல் இறங்கி உட்காரும். விட்டத்தின் நடுவில் நிற்கும் குத்துக்கால் முகட்டு உத்தரத்தைத் தாங்க, அதிலிருந்து கைமரங்கள் இருபுறமும் இறங்கும். வெளியே நீளும் இறவாணத்தைத் தாங்குவதற்குத் தூணிலிருந்து ஒரு கட்டை மாட்டுக் கொம்புபோல் வெளிநீண்டு நிற்கும், அது தாவ்.

இவ்வளவு பொருத்துகளிலும் இரும்பு ஆணிக்கு வேலை குறைவு. மரமுளையும் ஆப்புமே பிடிமானம். ஈரக் காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். மரமுளையும் கூடவே உப்பிச் சுருங்குவதால் பொருத்து தளர்வதில்லை. இரும்பு அவ்வாறு இசைந்து கொடுக்காது. துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தைக் கறுக்கச் செய்து மெல்ல அரிக்கும்.

சாலாவின் உயிர் கூரையில் இருக்கிறது. தட்டையான கூரை போட்ட மண்டபத்துக்கு எத்தனை சிற்பம் சேர்த்தாலும் அது சாலா ஆகாது. மரபான கூரை 45 பாகை அளவிலோ அதைவிடச் செங்குத்தாகவோ எழும். ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் பாங்காக்கின் மழையில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் கொட்டிவிடுகிறது. சுண்ணமோ சிமெண்டோ இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிய ஓடுகளின் இடுக்கில் நீர் ஏறாமல் இருக்க வேண்டுமானால் அது விரைந்து வழிந்தோட வேண்டும்; சரிவு செங்குத்தாக இருப்பது அதற்காகவே. உள்ளே அமர்ந்தவர் தலைக்கு மேல் உயரமான வெற்றிடம் இருப்பதால் சூடான காற்று முகட்டை நோக்கி ஏறிவிடுகிறது, குளிர்ந்த காற்று பக்கங்களிலிருந்து வருகிறது. நீண்ட இறவாணம் சாய்வெயிலையும் சாரலையும் வெளியே நிறுத்துகிறது.

கூரைப் பரப்பு நேர்க்கோட்டில் இறங்காமல் நடுவில் மெல்லக் குழிந்து இறவாணத்தருகே வெளிவிரியும். உச்சியைப் பிடித்துத் தூக்கிய வீச்சுவலை தொங்கும் வடிவம் என்று தாய்லாந்துக் கட்டடக் கலைஞர்கள் இதைச் சொல்கிறார்கள். இந்த வளைவைச் சரியாகக் கொண்டுவருவது தச்சரின் கைத்திறனுக்கு உண்மையான சோதனை. மலிவான நகல்களில் முதலில் விடுபட்டுப் போவதும் இதுதான்.

வேய்வதற்கு மூன்று வகைப் பொருள்கள் உண்டு. உயர்ந்தது சுடுமண் ஓடு. அடிமுனை வளைந்தோ சாய்சதுரமாகவோ இருக்கும். அடுத்தது மீன் செதிள்போல் அடுக்கும் மரச்சில்லு. வடக்கில் லன்னா பகுதியில் பழக்கமானது. மூன்றாவது, நிப்பா பனையின் ஓலை அல்லது யா கா என்னும் நீண்ட புல். புல்லும் ஓலையும் மிகக் குளிர்ச்சியானவை, இலேசானவை. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், தீயின் அருகில் வைக்கக்கூடாது.

வடிவத்திலும் வகைகள் உள்ளன. இரண்டு பக்கம் சரிந்து முன்னும் பின்னும் முக்கோண முகப்புக் காட்டுவது எளிய வகை. நான்கு பக்கமும் சரிவது மழைக்கு இன்னும் நல்லது. நான்கு திசையிலும் முகப்பு உள்ளது சதுரமுக் எனப்படும். பாங் பா இன் அரண்மனையின் குளத்து நடுவே மன்னர் சூலலாங்கோர்ன் 1876இல் கட்டிய ஐசவன் திப்பயா மண்டபம் இதன் உச்ச வடிவம். அடுக்கடுக்கான கூரைகளின் மேல் கோபுரம்போல் கூம்பு எழுகிறது. தாய்லாந்துச் சாலா என்றதும் பலர் மனத்தில் எழும் படம் அதுவே. அதையே வீட்டு முற்றத்தில் வைக்கும் ஆசையும் அங்கிருந்து பிறக்கிறது.

அந்த ஆசைக்கு மரபு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. முகட்டின் முனையில் பறவையின் கழுத்துப்போல் வானோக்கி வளையும் சோ ஃபா, கூரை விளிம்பில் வரிசையாக நிற்கும் பை ரகா, கீழ்முனையில் நாகத் தலையாகவோ அன்னத்தின் வாலாகவோ முடியும் ஹாங் ஹோங் ஆகிய அணிகள் விகாரங்களுக்கும் அரச மாளிகைகளுக்கும் உரியவை. கூம்பு முடியும் அவ்வாறே. குடிமக்கள் வீட்டில் இவற்றை வைப்பது பொருந்தாது என்பது தாய்லாந்து மக்களின் ஆழ்ந்த உணர்வு. வீட்டுக் கூரைக்கு உரியது பன் லோம் என்னும் வளைந்த முகப்புப் பலகை. ஓட்டின் ஓரத்தைக் காற்று பெயர்த்துவிடாமல் காப்பதே அதன் பணி. கீழ்முனை துவா ங்காவ் என்னும் எளிய சுருளாக முடியும். வடக்கில் முகட்டில் இரு பலகைகள் குறுக்காகக் கடந்து கொம்புபோல் நீளும் கலே அந்தப் பகுதி வீடுகளின் அடையாளம். வெளிநாட்டில் நிறுவுவோரும் இந்த வேறுபாட்டை மதிப்பது நல்லது. வீட்டுச் சாலாவின் அழகு அதன் கோட்டில்தான் இருக்கிறது. பொன்பூச்சு அதற்குத் தேவையே இல்லை.

மரத்துக்கு வருவோம். முதல் தேர்வு தேக்கு. அதன் வைரத்தில் இயல்பாக உள்ள எண்ணெயும் பிற வேதிப்பொருள்களும் கரையானையும் பூஞ்சையையும் விலக்குகின்றன; ஈரத்தால் உப்பிச் சுருங்கும் அளவும் மற்ற மரங்களைவிடக் குறைவு. ஆனால் இந்தப் புகழெல்லாம் வைரத்துக்கே. அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதியைக் கரையான் தின்னும். இளம் தோட்டத் தேக்கில் வெளிறு மிகுதி என்பதால், 'தேக்கு' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்குவது போதாது. பலகையின் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். தெற்கு மாகாணங்களில் 1988 நவம்பரில் ஏற்பட்ட பெருவெள்ளமும் நிலச்சரிவும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபின், இயற்கைக் காடுகளில் வணிக மரவெட்டை தாய்லாந்து அரசு 1989 ஜனவரியில் தடை செய்தது. ஆகவே இன்று முறையாகக் கிடைக்கும் தாய்லாந்துத் தேக்கு தோட்டத்தில் வளர்ந்தது அல்லது பழைய வீடுகளைப் பிரித்து எடுத்தது. பழைய மரம் நன்கு உலர்ந்தது, வைரம் பாய்ந்தது. பழைய துளைகள் தெரிவது குறையன்று. தூணுக்கும் உத்தரத்துக்கும் மாய் டேங், மாய் தேங் போன்ற கனமான உள்நாட்டு மரங்களும் பயன்படுகின்றன. இவை தேக்கைவிட உறுதியானவை, ஆனால் செதுக்கக் கடினமானவை.

இனி நிறுவும் வேலை. சிறிய முற்றத்துக்கு ஏற்ற அளவு பக்கத்துக்கு 3 மீட்டர் கொண்ட நான்கு தூண் சாலா. அதன் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. இறவாணம் எல்லாப் பக்கமும் 60 சென்டிமீட்டர் நீண்டால் கூரை நிலத்தில் மறைக்கும் பரப்பு 4.2 மீட்டர் சதுரம். 45 பாகைச் சரிவில் கூரையின் உண்மைப் பரப்பு சுமார் 25 சதுர மீட்டர். சுடுமண் ஓடு சதுர மீட்டருக்கு 50 கிலோ என்று கொண்டால் ஓட்டின் எடை மட்டும் ஒன்றேகால் டன். தளம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், விட்டம் தளத்திலிருந்து 2.3 மீட்டர் உயரம் என்றால், இறவாண விளிம்பு தரையிலிருந்து சுமார் 2.15 மீட்டரில் நிற்கும், முகடு 4.25 மீட்டரை எட்டும். 3 மீட்டர் மண்டபம் என்று நினைத்தவர் முற்றத்தில் ஒரு மாடி உயரத்துக்கும் மேல் எழும் கட்டடத்தைக் காண்பார். மதில், மின்கம்பி, பக்கத்து வீட்டுச் சன்னல், மரக்கிளை எல்லாவற்றையும் இந்த உயரத்தை வைத்தே பார்க்க வேண்டும். உள்ளாட்சியின் கட்டட அனுமதி விதியும் பெரும்பாலும் உயரத்தையும் எல்லையிலிருந்து உள்ள தொலைவையும் பொறுத்ததே.

இடம் மேடாக இருக்க வேண்டும். குளமோ தாமரைத் தொட்டியோ அருகில் இருந்தால் அதை நோக்கி அமைப்பது மரபு. மாலை வெயில் விழும் திசையில் ஒரு மரம் நிற்பது நல்லது, ஆனால் கிளைகள் கூரைமேல் கவியக்கூடாது. விழும் இலை ஓட்டின் இடுக்கில் தங்கி ஈரம் பிடிக்கும், பாசி படரும். தாய்லாந்துத் தோட்டங்களில் பிகுல் என்று போற்றப்படும் மகிழ மரம் சற்றுத் தள்ளி நின்றாலே மணம் வரும்.

பழைய காலத்தில் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியின் சேற்று மண்ணில் தூண் புதைந்து போகாமலிருக்க, அதன் அடிப்பாகத்தில் இரண்டு கட்டைகளைக் கவ்வப் பூட்டி, அவற்றைக் கிடைமரங்களின் மேல் உட்கார வைத்தார்கள். கோங் பத் என்னும் இந்த முறை சுமையைப் பரப்பிவிடும் அருமையான உத்தி. இன்று அந்த வேலையைக் கான்கிரீட் பாதம் செய்கிறது. மேற்சொன்ன அளவுள்ள சாலாவுக்குத் தூணுக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் கொண்ட பாதம் நல்ல மண்ணில் போதுமானது. கரிசல்போல் வெடித்து உப்பும் மண்ணில் அந்த அசைவு எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். நான்கு பாதங்களின் மேல்மட்டமும் ஒன்றாக இருப்பதையும், மூலைவிட்ட அளவுகள் இரண்டும் சமமாக இருப்பதையும் கான்கிரீட் இறுகும் முன்பே சரிபார்க்க வேண்டும். துளையும் கழுந்தும் தச்சுக்கூடத்தில் மில்லிமீட்டர் அளவில் வெட்டப்பட்டவை. இங்கே நேரும் ஒரு சென்டிமீட்டர் பிழை முகட்டில் பூட்டு விழாமல் செய்துவிடும்.

தூணின் அடி மண்ணையோ கான்கிரீட்டையோ தொடக்கூடாது. மரத்தின் வெட்டுமுகம் நீரை வேகமாக உறிஞ்சும். தூண் அழுகல் அங்கிருந்தே தொடங்கும். துருப்பிடிக்காத எஃகுக் காலணி ஒன்று பாதத்திலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில் தூணைத் தாங்க வேண்டும். எஃகுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 55 கிலோ. சுவரில்லாத மண்டபத்தின் அடியில் புகும் காற்று கூரையை மேல்நோக்கித் தூக்கும். ஓட்டின் எடையோடு ஒப்பிட்டால் ஆபத்து விளங்கும். ஓலைக் கூரையோ பல மடங்கு இலேசானது. புயல் வரும் ஊர்களில் கைமரத்திலிருந்து விட்டத்துக்கும், விட்டத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து பாதத்துக்கும் இடைவெளியில்லாத எஃகுப் பிடிப்பு வேண்டும். கண்ணில் படாதபடி மரத்துக்குள் மறைத்து வைக்க முடியும். மரபு கெட்டுவிடும் என்று இதை விட்டுவிடக்கூடாது.

முதலில் நிறுத்தும் தூணுக்குத் தாய்லாந்தில் சாவ் ஏக் என்று பெயர். வீடு கட்டும்போது நல்ல நேரம் பார்த்து, தூண் உச்சியில் வாழைக்கன்றும் கரும்பும் வண்ணத் துணியும் கட்டி, பெரியவர் முன்னிலையில் அதை நாட்டுவார்கள். அதன்பின் வேலை விரைந்து நடக்கும். தூண்களை இரண்டிரண்டாக நிமிர்த்தி, தள உத்தரத்தைத் துளைகளில் ஊடுருவச் செய்து, விட்டங்களை உச்சிக் கழுந்தில் இறக்கி, குத்துக்காலும் முகட்டு உத்தரமும் ஏற்றிய பிறகே ஆப்புகளை முழுதாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு பொருத்திலும் தச்சர் குறி வெட்டியிருப்பார். குறிக்குக் குறி சேர்த்தால் போதும், கையில் உளி எடுக்க வேண்டியதில்லை. அடுத்து கைமரம், ரீப்பர், முகப்புப் பலகை, ஓடு. ஓட்டை ஒரு பக்கமே ஏற்றிக்கொண்டு போகாமல் இரு சரிவிலும் மாறி மாறி ஏற்றுவது சட்டகம் கோணாமல் காக்கும். தளப்பலகை கடைசியில்தான். கூரை முடிந்தபின் போட்டால் மழையில் நனையாது, மேலிருந்து விழும் ஓட்டுத் துண்டால் காயமும் படாது. பலகைகளுக்கிடையே மெல்லிய இடைவெளி விட்டால் கீழிருந்து காற்று வரும், சிந்திய நீர் இறங்கும்.

கூரை நீர் நேராகத் தரையில் விழுவதால், இறவாணத்துக்கு நேர்கீழே சரளைக்கல் பரப்பிய வாய்க்கால் ஒன்று சுற்றிலும் வேண்டும். இல்லாவிட்டால் தெறிக்கும் சேறு தூணின் அடியை நனைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே நாற்காலி தேவையில்லை. பாயும் முக்கோணத் திண்டும் போதும். செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு ஏறுவது வழக்கம்.

கடல் கடந்து போன சாலாக்களின் வரலாறும் இந்தக் கட்டுமுறையின் வலிமையைக் காட்டுகிறது. மன்னர் சூலலாங்கோர்ன் 1907இல் ஜெர்மனியின் பாட் ஹோம்புர்க் நகரில் நீர்ச்சிகிச்சை பெற்று நலமடைந்தார். நன்றியாக அந்நகரப் பூங்காவுக்கு ஒரு சாலாவை அளித்தார். ஹவாயில் கிழக்கு மேற்கு மையத்தின் சாலா மன்னர் பூமிபோலின் கொடை; 1967இல் நிறுவப்பட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரின் ஓல்பிரிச் தாவரத் தோட்டத்தில் உள்ள சாலா தாய்லாந்தில் முழுதாகப் பூட்டிப் பார்க்கப்பட்டு, கழற்றிக் கப்பலேறி, தாய்லாந்துக் கைவினைஞர்கள் கையால் மீண்டும் எழுந்தது. குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும் அந்த ஊரில் எந்தக் கட்டடத்தின் அடித்தளமும் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் போக வேண்டியிருக்கிறது. தேக்கும் சுடுமண்ணும் பனியில் நிற்கின்றன. மண்ணுக்கேற்ற அடித்தளம் மட்டும் அந்தந்த ஊரிலேயே அமைய வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. தேக்கின் பொன்னிறம் நிலைக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் சாம்பல் நிறமாக வெளுக்கும், மரத்தின் உறுதிக்குக் கேடில்லை. கெட்டியாக மூடும் வார்னிஷ் வெயிலில் வெடித்து அடியில் ஈரத்தைச் சிறைப்படுத்தும் என்பதால் வெளி மரத்துக்கு உகந்ததன்று. மழைக்காலம் தொடங்குமுன் பெயர்ந்த ஓடு, தளர்ந்த ஆப்பு, தூணடியில் கரையான் புற்று ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

கையிலுள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாதபோது சிற்ப வேலையைக் குறைக்கலாம், ஓட்டுக்குப் பதில் ஓலை வேயலாம், 3 மீட்டரை 2.5 மீட்டராக்கலாம். அடித்தளத்திலும் தூண் மரத்திலும் மட்டும் கைவைக்க வேண்டாம்; சிற்பத்தையும் வேய்பொருளையும் பின்னால் மாற்றிக்கொள்ள முடியும், அடித்தளத்தையும் தூணையும் மாற்ற வேண்டுமானால் சாலா முழுவதையும் பிரித்தாக வேண்டும்.